மேசைக் கம்ப்யூட்டரைப் பத்திரமாக ஓட்டவும் நாமே சர்வீஸ் செய்யவும்: வேலூர் வெயிலுக்கும் தூசிக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை என்று வேலூரைப் பற்றிப் பழைய கிண்டல் ஒன்று உண்டு. காட்பாடி பக்கம் ஜெராக்ஸ், ஆன்லைன் சென்டர் நடத்துகிற நான் அதோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வேன்: எர்த் இல்லாத பிளக். கடையில் நாலு கம்ப்யூட்டர் ஓடுகிறது. இதுபோக, "அண்ணே, ஆன் ஆகவே மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்க" என்று அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தும் வரும். இத்தனையையும் பார்த்ததில் எனக்குப் புரிந்தது, கம்ப்யூட்டர் தானாகக் கெடுவது குறைவு என்பதுதான். பெரும்பாலும் கெடுப்பது சுவரில் இருக்கிற பிளக்கும், உள்ளே அடைந்த தூசியும். அதனால் இந்த வழிகாட்டி ஸ்குரூ டிரைவரில் ஆரம்பிக்கவில்லை, சுவரில் ஆரம்பிக்கிறது.

முதலில் சுவர்

செருப்பில்லாமல் தரையில் நின்றுகொண்டு சிபியு டப்பாவின் பின்பக்கம் பெயிண்ட் இல்லாத இரும்பில் புறங்கையை லேசாகத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த 'ஜிவ்' தெரியும். எறும்பு ஊர்வது போல இருக்கும். "கம்ப்யூட்டர்னா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது அப்படி இருக்கக் கூடாது.

ஏன் வருகிறது என்றால், எஸ்எம்பிஎஸ் (சுவர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற பெட்டி) உள்ளே மின் இரைச்சலை வடிகட்டச் சிறிய கெப்பாசிட்டர்கள், அதாவது கரண்ட்டைத் தேக்கி வைக்கிற பாகங்கள், இருக்கும். ஒன்று பேஸிலிருந்து (கரண்ட் வருகிற கம்பி) டப்பாவின் உடம்புக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து (கரண்ட் திரும்புகிற கம்பி) உடம்புக்கு. எர்த் இருந்தால் கசிகிற துளி கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் பாதி, அதாவது 115 வோல்ட் அளவுக்கு டப்பாவின் உடம்பிலேயே நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் பிரிண்டர் கேபிளையோ மானிட்டர் கேபிளையோ சொருகுகிற நொடியில் அது அந்த வழியாகப் பாயும், போர்ட் செத்துப்போகும். அதைவிட முக்கியமானது, என்றைக்காவது உள்ளே இன்சுலேஷன் நிஜமாகவே பழுதானால் அதே டப்பாவில் முழு 230 வோல்ட் ஏறி நிற்கும். அன்றைக்கு 'ஜிவ்' என்று மட்டும் இருக்காது.

சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஏசி வோல்ட்டேஜில் பெரிய ரேஞ்சில் வையுங்கள். பெரிய எர்த் ஓட்டை மேலே இருக்கும்படி பார்த்தால் வலது பக்க ஓட்டை பேஸ், இடது நியூட்ரல். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230க்குக் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு, மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பத்து, இருபது என்று ஏறினால் எர்த் பலவீனம். பிளக்கில் கம்பி வைத்துப் பழக்கமில்லாதவர்கள் இதை நீங்களே செய்ய வேண்டாம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இதில் ஒரு தில்லுமுல்லும் உண்டு. "எர்த் வேணும்" என்று கேட்டால், பிளக்குக்குள்ளேயே நியூட்ரலை எர்த் பின்னோடு லூப் அடித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மீட்டரில் சுத்தமாகப் பூஜ்யம் காட்டும், எல்லாம் பிரமாதம் என்று தோன்றும். ஒருநாள் நியூட்ரல் கம்பி அறுந்தால் அப்படி லூப் அடித்த பிளக்கில் மாட்டியிருக்கிற இரும்பு உடம்பில் பேஸ் ஏறிவிடும். பூஜ்யம் காட்டினால் சந்தோஷப்படாமல் ஸ்விட்ச் போர்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பச்சைக் கம்பி தனியாக வந்து தனியாக முறுக்கப்பட்டிருக்க வேண்டும்.

எர்த் குழி இருக்கிற வீட்டிலும் நம் ஊர் கோடையில் ஒரு சிக்கல். மலையடிவாரத்துப் பாறை மண், சித்திரை பிறந்தால் காய்ந்து வெடித்துவிடும். காய்ந்த மண் கரண்ட்டை வாங்காது. உப்பும் கரியும் போட்ட குழியாக இருந்தாலும் வாரத்துக்கு ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். செடிக்கு ஊற்றும்போது அதையும் ஒரு செடியாக நினைத்துக்கொள்ளுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற ஸ்விட்ச்) இருந்தால் இன்னும் நிம்மதி. அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், டக்கென்று விழ வேண்டும்.

மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் ஓட்டையில் சொருகுவது இன்னும் நடக்கிறது. செய்யாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கும்போது தூக்கிப் பாருங்கள். பஞ்சு மாதிரி இருந்தால் உள்ளே கம்பி மெல்லிசு. அதே பாக்ஸில் அயர்ன் பாக்ஸையும் கெட்டிலையும் சேர்த்துச் சொருகக் கூடாது.

யூபிஎஸ், இடி, மின்னல்

ஸ்பைக் பஸ்டர் என்பது திடீர் ஏற்றத்தைக் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். வோல்ட்டேஜ் குறைந்தால் அது ஒன்றும் செய்யாது. கரண்ட் போய்ப் போய் வருகிற தெருவில் 600 விஏ யூபிஎஸ் ஒன்று அவசியம். சாதாரண கம்ப்யூட்டருக்குப் பத்து, பதினைந்து நிமிஷம் தரும். அந்த நேரம் வேலை பார்க்க அல்ல, சேவ் செய்து ஷட்டவுன் செய்ய. லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள், உள்ளே ஹீட்டர் சூடாகும் நொடியில் இழுக்கிற இழுப்பில் யூபிஎஸ் கத்திவிட்டு விழும்.

உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி. 25 டிகிரிக்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் இந்த வகை பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது கணக்கு. ஷீட் போட்ட கடையில், அக்னி நட்சத்திரத்தில், மேசைக்கு அடியில் மூச்சுமுட்டி இருக்கிற பேட்டரி இரண்டு வருஷம் தாண்டினாலே புண்ணியம். பக்கம் உப்பியிருந்தால் உடனே மாற்றுங்கள்.

கோடையில் சாயந்திரம் திடீரென்று கருத்து இடி இடிக்கும் இல்லையா, அப்போது ஸ்விட்சை ஆஃப் செய்தால் போதாது. பிளக்கையே உருவுங்கள். மோடத்திலிருந்து வருகிற லேன் கேபிளையும் உருவுங்கள். ஃபைபர் இழை கண்ணாடி, அதில் கரண்ட் வராது. ஆனால் மோடமும் ஒரு அடாப்டரில்தானே ஓடுகிறது, அங்கிருந்து வருவது செம்புக் கம்பி.

எங்கே வைப்பது

தரையில் வேண்டாம், பெருக்குகிற தூசி முழுக்க உள்ளே போகும். கம்ப்யூட்டர் டேபிளில் கதவு வைத்த பெட்டி இருந்தால் கதவைக் கழற்றிப் பரணில் போடுங்கள். பின்பக்கச் சுவருக்கும் டப்பாவுக்கும் ஒரு ஜாண் இடம் விடுங்கள். மேற்குப் பார்த்த ஜன்னல் ஓரம், சாமி படத்துக்கு நேர் கீழே, ஏசி தண்ணீர் சொட்டும் இடம் ஆகிய மூன்றும் வேண்டாம். சாம்பிராணிப் புகை நாளடைவில் விசிறி இறக்கையில் பிசுபிசுப்பாகப் படிந்து, அதன்மேல் தூசி அப்பிக்கொள்ளும். துணி உறை போட்டு வைப்பவர்கள் ஆன் செய்யும் முன் முழுதாக எடுத்துவிடுங்கள், பாதி தூக்கி மடித்து வைத்தால் காற்று வெளியே போகிற வழியைத்தான் அடைக்கும்.

டேனரி பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே காற்றில் வருகிற அழுகிய முட்டை வாசனை ஹைட்ரஜன் சல்பைடு. வெள்ளியையும் செம்பையும் கறுக்கவைக்கும் வாயு அது. ராம் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகப் பட்டை) பின்னும் கேபிள் முனையும் மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் கறுத்தால் அதற்குக் காரணம் உங்கள் பராமரிப்பு அல்ல. அந்த வீடுகளில் கம்ப்யூட்டரை ஜன்னல் பக்கம் வைக்காமல் உள் அறையில் வையுங்கள்.

உட்காரும் விதம் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இருபது அடிக்கு அப்பால் எதையாவது இருபது விநாடி பாருங்கள். நம் ஊரில் ஜன்னலைத் திறந்தால் ஏதாவது ஒரு மலை தெரியும், அது போதும்.

திறப்பதற்கு முன்

வாரண்டி இருக்கிற மெஷின் என்றால் பின்னால் சீல் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மற்றபடி தேவையானவை: ஸ்டார் முனை ஸ்குரூ டிரைவர், ஒன்றரை இஞ்சு புதுப் பெயிண்ட் பிரஷ், கையில் பிடிக்கிற புளோயர், ஸ்குரூ போட ஒரு டம்ளர், மூக்குக்குத் துண்டு.

1. ஷட்டவுன் செய்து, பிளக் ஸ்விட்சை ஆஃப் செய்யுங்கள். இத்தோடு நிறுத்தினால் ஆபத்து: யூபிஎஸ்ஸில் மாட்டியிருந்தால் சுவரில் ஆஃப் செய்த பிறகும் யூபிஎஸ் தன் பேட்டரியிலிருந்து 230 வோல்ட் தரும். ஆகவே டப்பாவின் பின்னாலிருந்து பவர் கேபிளையே உருவிக் கீழே போடுங்கள்.

2. மற்ற கேபிள்களை உருவும் முன் பின்பக்கத்தைப் போனில் படம் எடுங்கள். பச்சை ஓட்டை ஸ்பீக்கருக்கா மைக்குக்கா என்று பிறகு சண்டை வராது.

3. பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மதர்போர்டில் (உள்ளே எல்லாப் பாகமும் மாட்டியிருக்கிற பெரிய பலகை) மிச்சமிருக்கிற கரண்ட் வடிந்துவிடும்.

4. டப்பாவை வாசலுக்கோ மாடிக்கோ தூக்கிப் போங்கள். வீட்டுக்குள் ஊதினால் அந்தத் தூசி சோற்றில்தான் விழும்.

5. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் இடது பக்கத் தகடுதான் பெரும்பாலும் கழற்ற வேண்டியது. பின்னால் இரண்டு ஸ்குரூ இருக்கும். தகட்டைப் பின்னோக்கி இழுத்தால் வரும். திறந்த பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள்.

6. உள்ளே கை வைக்கும் முன் டப்பாவின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொடுங்கள், இடையிடையேயும் தொடுங்கள். உடம்பில் இருக்கிற ஸ்டேட்டிக், அதாவது உராய்வில் சேர்கிற மின்சாரம், அதில் போய்விடும். கம்பளி, பட்டு, பாலியஸ்டர் சட்டை அன்றைக்கு வேண்டாம்.

தூசி

குடியாத்தத்தில் மச்சான் வீட்டில் லுங்கித் தறி ஓடுகிறது. தறிக்கு இரண்டு அறை தள்ளித்தான் கம்ப்யூட்டர். "பத்து நிமிஷத்துல ஆஃப் ஆயிடுது மாமா, போர்டு போயிடுச்சாம், நாலாயிரம் ஆகுமாம்" என்றான். போய்த் திறந்தேன். பிராசஸருக்கு மேலே இருக்கிற விசிறி நன்றாகத்தான் சுற்றியது. விசிறியைக் கழற்றினால், அதற்குக் கீழே அலுமினியத் தகடுகள் கண்ணுக்கே தெரியவில்லை. பஞ்சும் தூசியும் சேர்ந்து சாம்பல் நிறக் கம்பளித் துண்டு மாதிரி படிந்திருந்தது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன், முழுசாக வட்டமாக உரிந்து வந்தது, தோசை மாதிரி. அவ்வளவுதான் நோய். விசிறி காற்றடித்துக்கொண்டே இருக்கிறது, அது தகட்டுக்குப் போகவே இல்லை.

ஆகவே வெளியே ஊதிவிட்டு விட்டுவிடாதீர்கள். விசிறிக்கும் தகட்டுக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். முதலில் பிரஷ்ஷால் தளர்த்தி, பிறகு புளோயரை ஒரு ஜாண் தள்ளிப் பிடித்துச் சிறுசிறு ஊதலாக ஊதுங்கள். ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போகும், அதோடு டைனமோ மாதிரி போர்டுக்குள் கரண்ட்டும் தள்ளும். வீட்டு வேக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் மூக்கைப் போர்டில் தேய்க்காதீர்கள், ஸ்டேட்டிக் உண்டாகும். ஈரத்துணி உள்ளே கூடவே கூடாது.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை வெளியிலிருந்து ஊதினால் போதும், திறக்காதீர்கள். உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கை உருவிய பிறகும் சில நேரம் இருக்கும். பல்லி உள்ளே போய்க் கருகிக் கிடந்தாலும் சரி, முழுப் பெட்டியாக மாற்றுங்கள். டப்பாவின் பின்னால் காலியாக இருக்கிற ஸ்லாட்டுகளுக்குத் தகடு போட்டு மூடினால் பல்லியும் கரப்பானும் வராது.

பேஸ்ட் மாற்றுவது

பிராசஸருக்கும் அதன்மேல் இருக்கிற கூலருக்கும் (விசிறியும் தகடும் சேர்ந்தது) நடுவே சூட்டைக் கடத்தத் தடவுகிற பசைதான் பேஸ்ட். தூசி எடுத்த பிறகும் சூடு குறையவில்லை என்றால் மட்டும் இதற்குப் போங்கள். சூட்டைப் பார்க்க இலவச மென்பொருள்கள் உள்ளன. சும்மா இருக்கும்போது 40 முதல் 55 டிகிரி, மே மாதத்தில் இன்னும் கொஞ்சம் கூடும், அறையே 38 இருக்கிறதே. வேலை செய்யும்போது 80 தாண்டினால் கவனியுங்கள். 95, 100 பக்கம் போனால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "மதியானத்துல மட்டும் ஸ்லோவா இருக்கு" என்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

விசிறி வயரை முதலில் உருவுங்கள். இன்டெல் கூலரில் நாலு மூலையில் நாலு பிளாஸ்டிக் பின்கள். மேலே போட்டிருக்கும் அம்புக்குறி பக்கம் கால் சுற்று திருப்பி மேலே இழுத்தால் வரும். ஏஎம்டியின் ஏஎம்4 வகையில் வேறு ஆபத்து: பழைய பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டு, கூலரைத் தூக்கினால் பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும், அதன் பின்கள் வளையும். அதனால் கழற்றுவதற்கு முன், விசிறி வயரை உருவாமலே, பத்து நிமிஷம் கம்ப்யூட்டரை ஓட்டிச் சூடாக்குங்கள். பிறகு பவர் கேபிளையும் விசிறி வயரையும் உருவி, கூலரை இடமும் வலமும் லேசாகத் திருகி, தளர்ந்ததும் தூக்குங்கள்.

பழைய பேஸ்ட்டை ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள். புதுப் பேஸ்ட் நடுவில் ஒரு முழு உளுந்து அளவு. கூடப் போட்டால் கூடக் குளிரும் என்று பல் தேய்க்கிற மாதிரி பிதுக்க வேண்டாம். கூலரை நேராக இறக்கி, பின்களைப் பழைய நிலைக்குத் திருப்பி, எதிரெதிர் மூலையாக 'டக்' சத்தம் வரும்வரை அழுத்துங்கள். விசிறி வயரைத் திரும்ப மாட்ட மறந்துவிடாதீர்கள். நான் ஒருமுறை மறந்திருக்கிறேன், இரண்டே நிமிஷத்தில் அணைந்து நினைவூட்டியது.

ராமும் வட்டப் பேட்டரியும்

விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு, சில மெஷினில் 'பீப் பீப்' என்று கத்தும். இதற்கு முதல் சந்தேகம் ராம். இரண்டு பக்கக் கிளிப்பையும் தள்ளினால் மேலே எழும்பும். தங்க நிற முனையை ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். அழி ரப்பரால் தேய்ப்பது ஊர் வழக்கம். கறுப்புப் போகும் என்பது உண்மை, ஆனால் அழுத்தித் தேய்த்தால் முலாமும் போகும். வெள்ளை ரப்பரால் இரண்டு தடவை, பட்டும் படாமலும், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள், எது கெட்டது என்று தெரிந்துவிடும்.

தினமும் தேதி பழைய வருஷத்துக்குப் போகிறது, எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் "பாதுகாப்பற்றது" என்கிறது. வைரஸ் என்று பயந்து என்னிடம் வந்தவர்கள் பலர். மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 வட்டப் பேட்டரி தீர்ந்திருக்கும், வேறொன்றும் இல்லை. புதிதில் 3 வோல்ட் காட்டும். ஓரக் கிளிப்பை நகத்தால் தள்ளினால் குதித்து வரும், பிளஸ் எழுதிய பக்கம் மேலே வைத்துப் புதுசை அழுத்தி, தேதியைச் சரிசெய்யுங்கள். பழையதைச் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். விழுங்கிவிட்டால் தொண்டையையே அரித்துவிடும், ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

ஹார்டு டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம் கேட்டால் சர்வீஸ் பற்றி யோசிக்காதீர்கள். முதலில் போட்டோவையும் கணக்கையும் வேறு டிரைவுக்கு எடுத்துவிடுங்கள்.

தீய்ந்த வாசனை வந்தால் சுவர் ஸ்விட்ச், யூபிஎஸ் இரண்டையும் அணைத்துக் கேபிளை உருவுங்கள். நெருப்பு தெரிந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மெயினை இறக்கிவிட்டு உலர் பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை அடிக்க வேண்டும்.

மென்பொருள் பக்கம்

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. 11 ஏறாத பழைய மெஷினில் வங்கி வேலை பார்ப்பவர்கள் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்துக்கு மாறலாம், என் கடையில் ஒன்றில் அதுதான் ஓடுகிறது. "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு, இந்த ஆப் போடுங்க" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அடியுங்கள்.

கடைக்குக் கொடுக்கும்போது

தொழில் தெரியாத காலத்தில் என் முதல் கம்ப்யூட்டரை ஒரு கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். சரியாகித்தான் வந்தது. மூன்று மாதம் கழித்துத்தான் எட்டு ஜிபி ராம் நாலு ஜிபியாக இருந்ததைப் பார்த்தேன். கேட்டால் "நீங்க கொடுத்ததே அதுதான் சார்". என்னிடம் ஆதாரம் இல்லை. இப்போது யாருக்கும் சொல்வது: கொடுக்கும் முன் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் ராம், டிஸ்க் அளவைப் படம் எடுங்கள். ராம் ஸ்டிக்கரில் இருக்கிற சீரியல் நம்பரையும் எடுங்கள். மாற்றிய பழைய பொருளைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பழைய பொருளைப் பழைய இரும்புக் கடையில் போட வேண்டாம், செம்புக்காக வயரைக் கொளுத்துவார்கள். யூபிஎஸ் பேட்டரியைப் புதுப் பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கொஞ்சம் கழிப்பார்கள், உள்ளே ஈயம் இருக்கிறது. போர்டு, மானிட்டர் போன்றவற்றைப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம்தான் சேர்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவு விதிகள் அதைத்தான் சொல்கின்றன.

நான் வருஷத்துக்கு இரண்டு முறை திறக்கிறேன். பங்குனி கடைசியில், அக்னி தொடங்கும் முன். அப்புறம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள். அன்றைக்கு எப்படியும் கடை முழுக்கத் துடைக்கிறோம். திறந்த தேதியைத் தகட்டின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிவைக்கிறேன். பூஜையன்று சந்தனம் குங்குமத்தைப் பக்கவாட்டுத் தகட்டில் வையுங்கள், முன்பக்க ஜாலியில் வேண்டாம், காய்ந்ததும் விசிறி உள்ளே இழுத்துவிடும். தீர்த்தம் தெளிக்கிறவர் வீட்டுப் பெரியவர் என்றால் சொல்லிக் கேட்க மாட்டார். அவர் சொம்போடு வருவதற்குள் பிளக்கை உருவிவிடுங்கள்.